பளபளக்கும் டிஸ்க்கை எமரித் தாளால் தேய்ப்பது

பைக்கின் முன் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் பளபளவென்று மின்னுவதைச் சுத்தத்தின் அடையாளமாகக் கருதுபவர்கள் உண்டு. பிரேக்குக்கு அந்த மினுமினுப்பு நல்லதல்ல. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் கியரைக் குறைக்காமல், பிரேக் லீவரை இலேசாகப் பிடித்தபடியே இறங்கினால், டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடின் கலவையைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடேறி, அதன் முகம் இறுகி வழவழப்பாகிவிடும். டிஸ்க்கின் மீதும் ஒரு மெல்லிய படலம் திட்டுத்திட்டாகப் படியும். அதன் பிறகு லீவரை அழுத்தினாலும் வண்டி சட்டென்று பிடிபடாது. நிற்கும் தறுவாயில் கீச்சொலியும் எழும்.

படலம் மட்டுமே குறை என்றால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் கையால் தேய்ப்பது மேற்பரப்பை மாற்றுமே தவிர வடிவத்தை மாற்றாது. பிரேக் பிடிக்கையில் லீவர் துடித்தாலோ, நகம் சிக்கும் அளவுக்கு டிஸ்க்கில் பள்ளக்கோடுகள் விழுந்திருந்தாலோ எமரித் தாளால் பயனில்லை. கார் டிஸ்க்கில் தடிமன் மிச்சமிருந்தால் லேத்துப் பட்டறையில் கடைசல் பிடிக்கலாம். பைக் டிஸ்க் பெரும்பாலும் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 4 மி.மீ.தான் என்பதால், அதை மாற்றிவிடுவதே முறை. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரால் சரிபார்த்த பிறகே தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி முட்டுக்கொடுத்து, பேடுகளைத் தாங்கும் கேலிப்பரைக் கழற்றி, அதன் பாரம் பிரேக் ஹோஸில் இறங்காமல் ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். 120 எண் எமரித் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டே சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டுத் தாளை அதன் மீது பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எல்லாக் கீறல்களும் ஒரே திசையில் விழும். நமக்கு வேண்டியது திசையற்ற, ஒன்றையொன்று குறுக்கிடும் கீறல்கள். தொடக்கத்தில் தாள் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். படலம் அறுபட்டதும் சத்தம் கரகரவென்று மாறும், கைக்கும் அந்த வேறுபாடு தெரியும். டிஸ்க்கின் இரு முகங்களும் முழுவதும் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வந்தால் போதும். அதற்கு மேல் தேய்ப்பது வீண் உழைப்பு.

முகக்கவசம் கட்டாயம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் தூசியை வாயாலோ ஏர் கம்ப்ரசராலோ ஊதக்கூடாது. ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும். முடிவாக, பிரேக் கிளீனரையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ புதுத் துணியில் நனைத்து, துணியில் கருமை ஒட்டுவது நிற்கும் வரை டிஸ்க்கைத் துடைக்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் இதற்கு ஆகா; குறிப்பாக டீசல் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச்செல்லும்.

பலரும் பேடை மறந்துவிடுகிறார்கள். வழவழத்த பேடை அப்படியே மாட்டினால் கீச்சொலி விரைவிலேயே திரும்பிவிடும். தடிமன் மிச்சமிருந்தால் அதன் முகத்தையும் சமதளத்தில் வைத்த தாளில் தேய்த்துக்கொள்ளலாம். எண்ணெய் ஊறியிருந்தால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

மாட்டி முடித்ததும் லீவர் இறுகும் வரை பலமுறை அழுத்திவிட்டே வண்டியை நகர்த்த வேண்டும். கேலிப்பரைத் திரும்ப மாட்டுகையில், பேடை அழுத்தும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில், மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிற்காமல், எட்டுப் பத்து முறை சீராகப் பிடித்து விட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டினால் டிஸ்க் ஆறும். பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய, சீரான படிவாக ஒட்டுவது இந்த ஓட்டத்தில்தான். பிடிப்பு கூடிக்கொண்டே வருவதை விரலே உணரும்.