ஷூவின் அடியில் விழுந்த கோடு

சைக்கிள் பட்டறையில் சேர்ந்த புதிதில் பஞ்சர், பிரேக் கம்பி, செயின் இவைதான் என் வேலை. பெடலைப் பிரிக்க விடமாட்டார்கள். ஒருநாள் மூத்த மெக்கானிக் அண்ணன் பழைய பாணி உலோகப் பெடல் ஒரு ஜோடியை என் முன் வைத்தார். "அச்சைச் சுத்திப் பாரு. காதால கேக்காத, விரல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார். சுற்றினேன். மணல் நெருடுவது போல இருந்தது. "அப்ப திற" என்றார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே லாக் நட், அதற்கடியில் வாஷர், அதற்கும் அடியில் குண்டுகளை அழுத்தி நிறுத்தும் கூம்பு வடிவக் கோன். கோனை எடுத்ததும் 5/32 அங்குலப் பால்ரஸ் குண்டுகள் கறுத்த கிரீஸோடு உதிர்ந்தன. கழுவித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கியது கால்மணி நேர வேலை. கோனைச் சரிசெய்யத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. தளர்ந்தால் பெடல் ஆடும், இறுகினால் நெருடும். சரியாக நிறுத்திவிட்டோம் என்று லாக் நட்டை முடுக்கும்போது கோனும் கூடவே நகர்ந்துவிடும். அது நகரப்போகும் அளவை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இப்போதும் முதல் தடவையிலேயே அமைந்துவிட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இடது பெடலுக்கு இடப்பக்க மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை என்பதை அண்ணன் அன்றே சொல்லிக்கொடுத்தார். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இடம் வலம் யோசிக்கவே வேண்டாம்.

பெடலின் முன்னால் மாட்டி நுனிக்காலை நுழைக்கும் டோ கிளிப்பை நான் கற்றுக்கொண்டது ஒருவர் கீழே விழுந்த பிறகு.

பல வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்டத் தொடங்கிய பெரியவர் ஒருவர். உயரமானவர், பாதமும் நீளம். பெடலோடு எஃகு கிளிப்பும் தோல் வாரும் கேட்டார். கையிருப்பில் இருந்தது நடுத்தர அளவு. அதையே மாட்டிவிட்டேன். ஏறி உட்கார்ந்தவர் கால் நிலையாக நிற்கவில்லை என்றார். வாரை இழுத்து இறுக்கினேன். "இப்ப பிடிச்சிருக்கு தம்பி" என்று கிளம்பினார். ஒரு வாரம் கழித்து முழங்கையில் கட்டோடு வந்தார். நிறுத்தத்தில் காலை எடுக்கப் பார்த்திருக்கிறார், வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. "வார் கொஞ்சம் இறுக்கம்போல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அண்ணன் வாரைத் தொடவே இல்லை. "ஐயா, ஷூவைக் கழட்டிக் குடுங்க" என்றார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பெடலின் தகடு அழுத்திய கோடு விரல்களுக்குக் கீழே விழுந்திருந்தது. பெருவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் பகுதி பெடல் அச்சுக்கு நேர் மேலே வரவேண்டும். கிளிப் குட்டையாக இருந்ததால் பாதம் உள்ளே போகவில்லை, அதனால் கால் அலைந்தது. நான் செய்தது, அலைந்த காலை வாரால் கட்டியது. கிளிப்பின் நீளம் சரியாக இருந்தால் வாரை இறுக்க வேண்டிய தேவையே வராது. கிளிப் காலுக்கு இடம் காட்டினால் போதும், பிடித்துவைப்பது அதன் வேலை இல்லை.

பெரிய அளவு கிளிப் வந்ததும் நானே மாட்டினேன். வாரைப் பெடலின் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒருமுறை முறுக்கி விட்டேன். முறுக்காவிட்டால் வார் நழுவிப் பக்கிள் அடிப்பக்கம் போய்விடும், அவசரத்துக்குக் கட்டைவிரலால் தட்டிவிட எட்டாது. பக்கிள் எப்போதும் பாதத்தின் வெளிப்பக்கம்தான் நிற்க வேண்டும். முன்சக்கரத்தை இருபுறமும் திருப்பிக் கிளிப்பின் நுனி டயரில் உரசுகிறதா என்றும் பார்த்தேன். சிறிய சட்டமுள்ள சைக்கிள்களில் இது பெரிய தலைவலி. பிறகு அவரைச் சுவரைப் பிடித்து நிற்கச் சொல்லி, காலைப் பின்னால் இழுத்து எடுக்க ஐம்பது தடவையாவது பழக்கினேன். பக்கவாட்டில் இழுத்தால் வராது. தலைகீழாகத் தொங்கும் பெடலை அதன் பின்புறக் கொண்டியில் நுனிக்காலால் தட்டிப் புரட்டும் பழக்கம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

பட்டறையில் உள்ள பழைய கிளிப்புகள் சிலவற்றில் 'கிறிஸ்தோஃப்' என்று பொறித்திருக்கும். யூஜின் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரின் பெயர் அது. 1913 டூர் டி பிரான்ஸில் தூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் சுமந்து அடிவாரக் கிராமத்துக்கு நடந்துபோய், கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அதை ஒட்டவைத்தார். வெளியாள் உதவி கூடாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு சிறுவன் கைகொடுத்ததற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள். அந்தப் போட்டியில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை 1919இல் முதன்முதலில் அணிந்தவரும் அவர்தான். அந்தப் பெயரைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வருவான்.

1985இல் பெர்னார் இனோ என்ற பிரெஞ்சு வீரர் ஷூவின் அடியில் பூட்டிக்கொள்ளும் லுக் நிறுவனப் பெடலோடு அதே போட்டியை வென்ற பிறகு, பந்தயச் சாலைகளிலிருந்து வார்கள் மெல்ல மறைந்தன. ஜப்பானில் வட்டப் பாதையில் நடக்கும் கெய்ரின் பந்தயத்தில் மட்டும் இன்றும் கிளிப்பும் வாரும்தான். மிகாஷிமா போன்ற பெடல் நிறுவனத்தார் பழைய வடிவிலேயே புதுப் பெடல்கள் செய்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அழகுக்காகக் கேட்கிறார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. தினமும் போடும் செருப்போ ஷூவோ எதுவானாலும் ஓட்டலாம் என்பதற்காகவே நான் சிபாரிசு செய்வேன். திறந்து கிரீஸ் வைக்க முடியாத பெடலை மட்டும் நான் விரும்பி விற்பதில்லை.

பெரியவர் இன்னும் வருகிறார். வந்ததும் ஒரு காலைத் தூக்கி ஷூவின் அடியை என்னிடம் காட்டுவார். போன மாதம் கோடு மயிரிழை முன்னால் தள்ளி விழுந்திருந்தது. கிளிப்பின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே ஆளுக்கொரு மெல்லிய வாஷர் வைத்து முடுக்கினேன். "ரெண்டு வாரம் ஓட்டிட்டு மறுபடி காட்டுங்க ஐயா" என்றேன்.