மெரோபெனத்துக்கு அடங்காத கிருமி

குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் தேறி வந்த நேரத்தில், காய்ச்சல் குளிர்நடுக்கத்துடன் திரும்பியது. அப்போது மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "இதைவிட விலை கூடின மருந்து இல்லையா?" என்று சித்தப்பா எல்லோரையும் கேட்டார். விலைக்கேற்ற வீரியம் என்பது அவர் கணக்கு.

கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுத்தார்கள்: கையில் ஒரு முறை, மருந்து ஏற்றக் கழுத்தில் போட்டிருந்த சென்ட்ரல் லைன் என்ற குழாயில் ஒரு முறை. லைனில் எடுத்த குப்பியில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் லைன்மேல் சந்தேகம் என்றார் செவிலியர். அப்படியே ஆனது. லைனைக் கழற்றினார்கள்.

பிறகுதான் பெயர் வந்தது: ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, மருத்துவமனைக் குழாய்களிலும் ஒட்டிக்கொள்வது. மெரோபெனத்தைச் சிதைக்கும் நொதி இதற்கு இயல்பிலேயே உண்டு. மருந்து மற்ற கிருமிகளைக் களைக்கொல்லி போல அழிக்க, காலியான இடத்தில் இது செழிக்கிறது என்று நுண்ணுயிரியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இதற்கு முதன்மையான மருந்து எது தெரியுமா? கோ-ட்ரைமாக்ஸசோல். சிறுநீர்த் தொற்றுக்கு அம்மா எப்போதோ விழுங்கிய அதே பழைய மாத்திரை. விலை சில ரூபாய். இதில் சல்பா வகை மருந்து இருப்பதால் அதற்கு ஒவ்வாமை உண்டா என்று விசாரித்துவிட்டு, துணைக்கு லெவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துத் தொடங்கினார்கள். சித்தப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை.

இங்கே வந்த தொற்றுதானே என்று நேராகவே கேட்டேன். மருத்துவர் மழுப்பாமல் ஆம் என்றார். பில் போடும் இடத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, தொகையும் குறையவில்லை.

கோ-ட்ரைமாக்ஸசோல் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடியது. பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு இளநீரோடு வந்தார்கள். அதிலும் பொட்டாசியம் அதிகம். ஒவ்வொருவரிடமும் விளக்கி, அவர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தேன்.

மறு கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'இரத்தத் தொற்று, குணமானது' என்று மட்டும் இருந்தது. கிருமியின் பெயர், அதற்கு வேலை செய்யும் மருந்துகள், வேலை செய்யாத மருந்துகள் எல்லாவற்றையும் எழுதித் தரும்வரை நான் மேசையை விட்டு நகரவில்லை. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.