பென்சில் பிரிண்ட் விழாத கார்

வியாசர்பாடியில் என் பெரியப்பா நடத்தும் லேத் பட்டறையின் பின்கொட்டகையில் நாங்கள் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த கார், சென்ற ஆயுத பூசை அன்று முதன்முறையாகத் தன் சொந்த எஞ்சினில் பத்தடி நகர்ந்து, முன்சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. பொரி வாங்க வந்தவர்கள் எல்லாரும் அன்று கேட்டது ஒரே கேள்விதான்: "நம்பர் எப்ப வாங்கப் போறீங்க?" அதற்கு விடை தேடி அலைந்த கதையை, இதே ஆசையில் வெல்டிங் மெஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நாங்கள் கடைசியில் படித்த சட்டத்தை முதலில் படித்திருக்க வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றி. 1957-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'செவன்' என்ற சின்னஞ்சிறு திறந்த காரின் அமைப்புதான் எங்களுக்கு மாதிரி. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருந்த அந்தக் காலத்தில், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டவர்களுக்கு வரி மிச்சமானது. எங்களுக்கு யாரும் பாகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பவில்லை. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களை அறுத்து, பற்றவைத்து, சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, நாங்களே கட்டினோம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் ஒரு பழைய ஆம்னியைப் பிரித்தோம். மாருதி 800-இல் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றும். ஆம்னியிலோ அதே 796 சி.சி. எஞ்சின் நெடுக்குவாட்டில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டுவதால், இந்த வகை காருக்கு அதுதான் பொருந்தும். லாரி செய்யும் எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். முன் சஸ்பென்ஷனின் கோணங்களை நூல் கட்டி அளந்து சரிசெய்து கொடுத்தவர் அவர். கைத்திறனுக்கு வடசென்னையில் என்றைக்கும் பஞ்சமில்லை; எங்களிடம் இல்லாமல் போனது காகிதம்தான்.

புகைப்படங்களையும் ஆம்னியின் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர், படங்களை ஒவ்வொன்றாக, உண்மையான ஆர்வத்துடன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பென்சில் பிரிண்ட் எதை வச்சு எடுப்பீங்க?"

புது வண்டியைப் பதிவு செய்யும்போது, சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுத்துகள் தாளில் விழுவதை விண்ணப்பத்துடன் ஒட்டிக் கொடுப்பார்கள். அன்றிரவு பட்டறைக்குத் திரும்பி, எங்கள் காரின் முன்குழாய் மேல் ஒரு தாளை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வெல்டிங் மணி மீன்செதில் போல வரிவரியாக விழுந்தது. பக்கத்தில் அரம் போட்ட கீறல்கள் விழுந்தன. எண் எதுவும் விழவில்லை, ஏனென்றால் அங்கே எண் இல்லை.

எண் குத்தும் அச்சை வாங்கி நாமே குத்திக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதனால் பயனும் இல்லை. பதிவுக்கான படிவம் 20-உடன், விற்றவர் தரும் படிவம் 21-உம், வண்டி விதிகளுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் படிவம் 22-உம் வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதி, ஒவ்வொரு மாடலின் முன்மாதிரியும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்றில் தேற வேண்டும் என்கிறது. புனே, மானேசர் ஆகிய இடங்களில் இருப்பதைப் போல நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்து என்ன பயன்? 2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டிக்கு பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாடு கட்டாயம். கார்புரேட்டர் வைத்த எங்கள் எஞ்சின் அதன் வாசலைக்கூட மிதிக்க முடியாது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் பின்பக்க பார்க்கிங் சென்சாரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மோதல் சோதனை இருக்கிறது: ஆயிரக்கணக்கில் கார் செய்பவர் ஒன்றை மோதி உடைத்துச் சான்றிதழ் பெறலாம், ஒரே ஒரு கார் செய்தவன் எதை உடைப்பது?

குறுக்குவழி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆம்னியின் ஆர்.சி. கையில் இருக்கிறது, அதன் சேசிஸ் எண் உள்ள தகட்டை வெட்டி இதில் பற்றவைத்து, 'பாடி மாற்றினோம்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார் ஒரு புரோக்கர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எனக்கு அதைவிடப் பெரிய அச்சம் காப்பீடு பற்றியது. பொய்யான அடையாளத்துடன் ஓடும் வண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் யார் மேலாவது மோதிவிட்டால், இழப்பீடு தர மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறு காரணம் தேவைப்படாது. ஆகவே, பிரித்து அழித்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் தெரிவிக்கச் சொல்லும் 55-ஆம் பிரிவின்படி, கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும், ஆம்னியின் ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டேன். புரோக்கர் என்னைப் பைத்தியக்காரன் என்றார்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட தனி வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஏற்கும் முறை இருக்கிறது. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பதோடு, வெளிப்புறத்தில் கையைக் கிழிக்கும் கூர்விளிம்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எந்த ஆண்டு வண்டி என்று சொல்ல முடியாத அளவுக்குப் பழைய பாகங்கள் கலந்திருந்தால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண் தருவார்கள். நம் நாட்டிலும் 50 ஆண்டு கடந்த பழங்கார்களுக்கு 2021-இல் தனி விதி வந்துவிட்டது. பழைய காரைக் காப்பாற்றுபவருக்கு இடம் கொடுத்த சட்டம், புதிதாக ஒன்றைச் செய்பவருக்கும் கடுமையான சோதனை வைத்தாவது ஒரு வாசலைத் திறக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும், என் தலை கண்டெய்னர் லாரியின் சக்கர உயரத்துக்குத்தான் வரும் இந்தக் காரை மணலி பக்கம் ஓட்டத் துணிவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பந்தயத் தடம் வேறு. வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் எண்பதுகள் வரை பந்தயம் நடந்ததையும், பட்டறைகளில் கட்டிய கார்கள் அங்கே ஓடியதையும் பெரியப்பா இன்றும் சொல்வார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு அந்தக் கூட்டம் ஊருக்கு மறுபக்கம் போய்விட்டது. எங்கள் காரும் அங்கேதான் போக வேண்டும், அதுவும் குட்டி யானையின் முதுகில் ஏறி. பயிற்சி நாளில் ஓட்ட முடியுமா என்று விசாரித்தபோது, திறந்த காருக்கு, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகுழாயான ரோல் பார் இல்லாமல் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குழாய் வளைக்கும் மெஷின் கொருக்குப்பேட்டையில் ஒருவரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அட்டையில் வெட்டிய அச்சை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.