குமிழியின் முகமும் தொட்டியின் மூலையும்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில், காற்றூட்டும் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் சேறு தங்கிக்கொண்டே இருந்தது. நீரும் காற்றும் அதற்குள் எப்படி ஓடுகின்றன என்று கணினியில் கணித்துச் சொல்லும் வேலை, வேலூரிலிருந்து தினமும் போய்வந்துகொண்டிருந்த என்னிடம் வந்தது.

யோசிக்காமல் வால்யூம் ஆஃப் ஃபுளூயிட் முறையை எடுத்தேன். 1981இல் ஹிர்ட், நிக்கோல்ஸ் இருவரும் வெளியிட்ட இம்முறை, இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எத்தனை பங்கு, காற்று எத்தனை பங்கு என்று கணக்கு வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை அதிலிருந்து மீட்கிறது. 1988இல் வந்த லெவல் செட் முறையில் எல்லையின் வளைவு சீராகக் கிடைக்கும். ஆனால் கவனிக்காவிட்டால் குமிழி சிறுகச் சிறுகக் கரைந்தே போகும். நிறை குறையாத முறையே மேல் என்று நினைத்தேனே தவிர, தொட்டி எவ்வளவு பெரியது என்பதை நினைக்கவில்லை.

கணினியில் ஈர்ப்பு விசையை நீக்கிவிட்டு, அசையாத நீரில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி ஒன்றை வைத்துச் சோதித்தேன். பரப்பு இழுவிசையால் அதனுள் அழுத்தம் ஏறக்குறைய 96 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். வேறெதுவும் நடக்கக் கூடாது. வளைவைக் கணக்கிடுவதில் நேர்ந்த சிறு பிழையால் குமிழியைச் சுற்றி இல்லாத சுழல்கள் கிளம்பின. அவற்றை அடக்கவே இரண்டு வாரம் போயிற்று. அதன் பிறகுதான், முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். குமிழியின் குறுக்கே 15 கட்டங்கள் வேண்டுமென்றால் கட்டத்தின் அளவு 0.2 மில்லிமீட்டர், ஒரு கன மீட்டருக்கே 12,500 கோடி கட்டங்கள். கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் காலப்படியும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என் திரையை எட்டிப் பார்த்தார். "குமிழி அழகா இருக்குது சார். அந்த மூலையில ஏன் சேறு தங்குதுன்னு இது சொல்லுமா?"

ஆய்லர்-ஆய்லர் முறைக்கு மாறினேன். அதில் நீரும் காற்றும் ஒன்றுள் ஒன்று ஊடுருவிய இரு பாய்மங்கள். தனிக் குமிழிக்கு முகம் கிடையாது. அதனாலேயே குமிழியின் விட்டத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். குழாய்நீருக்கான விட்டம் இங்கே பொருந்தாது, ஏனெனில் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு கழிவுநீரில் கலந்திருப்பதால் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேர்வதில்லை. கண்ணாடித் தொட்டியில் அந்த நீரையே நிரப்பி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி, கைபேசியில் படமெடுத்து அளந்தேன். குமிழிமேல் நீர் செலுத்தும் இழுவை விசைக்கு எந்தச் சூத்திரத்தைத் தேர்வது என்று நான் தவித்தேன்; ஆனால் அதைவிட, குமிழியின் விட்டம் மாறியபோதுதான் ஓட்டம் அதிகம் மாறியது.

மூலையில் கீழிறங்கும் நீர் தரையைத் தொடுமுன்பே திரும்பிவிடுவதாகக் கணக்கு காட்டியது. தொட்டிக்குள் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களில் இரண்டை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். தொட்டியைக் காலி செய்யும்போதுதான் தெரியும்.