கமில்லஸ் சபையின் நான்காவது வார்த்தைப்பாடு

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளை, அதாவது இறைவனுக்குத் தரும் உறுதிமொழிகளை, கத்தோலிக்கத் துறவிகள் எடுப்பது நமக்குத் தெரியும். கமில்லஸ் சபையினர் நான்காவதாக ஒன்றையும் எடுக்கிறார்கள்: உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளிக்குப் பணி செய்வோம். அரசு மருத்துவமனை வார்டுகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலி நான். அந்த வார்த்தைப்பாட்டின் கனம் எனக்குப் புரியும்.

சபையைத் தொடங்கிய கமில்லஸ் தெ லெல்லிஸ், 1550-இல் இத்தாலியின் புக்கியானிக்கோ ஊரில் பிறந்தவர். படைவீரர், சூதாடி, உடுத்திய சட்டை வரை சூதில் தோற்றவர். காலில் ஏற்பட்ட புண் கடைசி வரை ஆறவேயில்லை. 1575-இல் மனம் மாறிக் கப்புச்சின் என்ற துறவற சபையில் சேர்ந்தபோதும், அந்தப் புண்ணைக் காரணம் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். தீராத நோயாளிகளுக்கென ரோமில் இருந்த சான் ஜாக்கோமோ மருத்துவமனைக்குச் சென்றவர், அங்கேயே மேற்பார்வையாளரானார். ஆறாத புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றியவர்களுக்குத் தெரியும், அந்த வலியும் நாற்றமும் ஒரு மனிதரை எப்படிக் கூனிக்குறுக வைக்கும் என்று. கமில்லஸ் அந்தக் காலோடுதான் கட்டில் கட்டிலாகப் போனார்.

கூலிக்கு வந்த பணியாளர்கள் நோயாளிகளைக் கவனிக்காமல் விட்டதை அங்கே அவர் பார்த்தார். அன்புக்காக மட்டுமே இந்த வேலைக்கு வருபவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் 1582-இல் பிறந்தது. 1586-இல் திருத்தந்தை (போப்) ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஒப்புதல் தந்தார். அங்கியில் சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதித்தார். ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் தொடங்க இன்னும் 277 ஆண்டுகள் இருந்தன. 1591-இல் திருத்தந்தை பதினான்காம் கிரகோரி இக்குழுவை முழுமையான துறவற சபையாக உயர்த்தினார்.

கமில்லஸ் எழுதிய விதிகளில் ஒன்று: நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் கவனிப்பதுபோல் கவனிக்கும் அருளை ஒவ்வொருவரும் இறைவனிடம் கேட்க வேண்டும். ஆண்களுக்கு எழுதிய விதி இது! செவிலியர் பள்ளியில் இதைக் கற்றுத்தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

என்னை அதிகம் பாதித்தது இன்னொன்று. இறந்துவிட்டதாக எண்ணி, உயிரோடு இருப்பவர்களையே அவசரமாகப் புதைத்துவிடுகிறார்கள் என்பதை அவர் கண்டறிந்தார். கடைசி மூச்சு நின்றதாகத் தோன்றிய பிறகும் குறைந்தது கால் மணி நேரம் அருகிலிருந்து செபிக்க வேண்டும், உடனே முகத்தை மூடக் கூடாது என்று தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டார். மூச்சு நின்றதும் கட்டிலைக் காலி செய்யச் சொல்லும் அவசரத்தை நான் எத்தனையோ இரவுப் பணிகளில் பார்த்திருக்கிறேன். இறந்தவருக்கு அந்தக் கால் மணி நேரத்தைத் தர எனக்கு எப்போதும் ஆசை. அடுத்த நோயாளி ஸ்டிரெச்சரில் காத்திருப்பார்.

நேப்பிள்ஸில் கொள்ளைநோய் கண்ட கப்பல்களைத் துறைமுகத்துக்குள் விடாமல் நிறுத்தியபோது, இந்தச் சபையினர் அந்தக் கப்பல்களில் ஏறி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். இருவர் அந்த நோயாலேயே இறந்தார்கள். நோயாளிகளுக்காக உயிர் கொடுத்த சபையினரின் வரிசை அங்கே தொடங்கியது. பின்வந்த கொள்ளைநோய்களில் அது நீண்டது.

கமில்லஸ் 1614 ஜூலை 14 அன்று ரோமில் இறந்தார். 1746-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்று அவர் நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செவிலியருக்கும் பாதுகாவலர்.

இந்த வார்த்தைப்பாடு பழங்காலத்துக்கு மட்டும் உரியது என்று சிலர் நினைக்கலாம். எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய ஆண்டுகளில், சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் தள்ளிவிட்டு விலகியவர்களை நான் பார்த்தேன். தாய்கூடத் தொட அஞ்சிய பிள்ளைகள் இருந்தார்கள். பெங்களூருவில் கமில்லஸ் சபையினர் நடத்தும் ஸ்நேகதான் இல்லம் அப்படிப்பட்டவர்களைத் தேடி ஏற்றுக்கொண்டது. புண்ணைக் கழுவி, வாயில் ஊட்டி, சாகும்போது பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள்.