22 குடும்பங்கள், ஒரு பொதுவீடு, எக்கச்சக்கக் காகிதம்

சாவி கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

நாங்கள் 22 குடும்பங்கள். ஆளுக்கொரு சிறிய வீடு சொந்தம். பெரிய சமையலறை, விருந்தினர் அறை, பட்டறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் நடுவில் உள்ள பொதுவீட்டில். நிலம் தேடியதிலும் கட்டட வேலையிலும் பெரிய தொல்லை இல்லை. எங்களை அலைய வைத்தது காகிதம்தான்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர், "பொதுவீடு யார் பேரில்?" என்றார். எல்லோர் பேரிலும், ஆளுக்கு 22இல் ஒரு பங்கு என்றேன். "படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லையே" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளிவிட்டார். அடுத்த முறை எங்கள் 22 குடும்பங்களின் சங்க விதிகளைக் கொண்டுபோனேன். வீட்டை விற்றால் பொதுவீட்டின் பங்கும் அதோடு சேர்ந்தே போகும் என்ற ஒரு வரி அதில் இல்லையாம். வரியைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது முறை போனால் ஆள் விடுப்பில்! என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். முடிந்தால் எல்லோரும் ஒரே வங்கிக்குப் போங்கள். 22 பேருக்கு 22 முறை விளக்க வேண்டியிருக்காது.

அதைவிடப் பெரிய அடி, அஸ்திவாரம் தோண்டும் நேரத்தில் ஒரு குடும்பம் விலகியது. கட்டிய பணத்தைக் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் பணம் நிலத்தில் முடங்கிக் கிடந்தது, விலகுவது பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நண்பர்கள்தானே என்ற நினைப்பு. ஆறு கூட்டம் போட்டோம். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பதால், ஒருவர் மாற்றி ஒருவர் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டு விதிகள் எழுதினோம். விலகுபவரின் இடத்துக்குப் புதியவர் வந்து பணம் கட்டிய பிறகே திருப்பித் தருவோம். ஒரு முடிவைத் தடுப்பவர் மாற்று யோசனையும் கொண்டுவர வேண்டும். இரண்டு கூட்டத்தில் ஒத்து வராவிட்டால் முக்கால்வாசிப் பேரின் ஓட்டு. முதல் தவணை கட்டும் முன்பே இதை எழுதியிருந்தால் ஒரு நட்பு மிஞ்சியிருக்கும்.

அந்த நாட்களில் எங்களைத் தேற்றியது டென்மார்க் கதை. கட்டடக் கலைஞர் யான் குட்மன்-ஹொயர் 1964இல் இப்படியொரு குடியிருப்புக்காக நண்பர்களோடு கோபன்ஹேகன் அருகே நிலம் வாங்க, அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் அந்தத் திட்டமே நின்றுபோனது. இந்த வகையில் முதல் குடியிருப்பான சேட்டடாமன் எழுந்தது 1972இல்தான். நாங்கள் நாலே வருஷத்தில் முடித்துவிட்டோமாக்கும்!

மலிவு என்று நம்பி வருபவர்களுக்கு ஒன்று. கட்டும்போது எங்களுக்குப் பெரிதாக மிச்சமாகவில்லை. வீடு சிறியதானதில் குறைந்ததைப் பொதுவீட்டின் பங்கு தின்றுவிட்டது. மிச்சம் இப்போதுதான் தெரிகிறது. 22 வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஏணி, ஒரே டிரில், நாலு வாஷிங் மெஷின்.

அந்த நாலு மெஷினில் ஞாயிற்றுக்கிழமை காலை யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நாளை கூட்டம்.