பெஸ்டியரி எழுத்துக்கள்: வரையுற டைரி

ஜூன் 4

ரொம்ப நாளா மனசுல கெடந்த வேலையை இன்னைக்கு ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்குள்ளயும் ஒரு மிருகம், ஆனா ஜூவுல இருக்கற மிருகம் இல்ல, 12, 13ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல தோல் ஏட்டுல எழுதி வரைஞ்ச பெஸ்டியரிங்கற மிருகக் கதைப் புத்தகங்கள்ல நடமாடற மிருகம். அந்தப் புத்தகங்களுக்கு மூலம் பிசியாலகஸ்னு ஒரு பழைய கிரேக்க நூல், அதுகூட 7ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் பிஷப் இசிடோர் எழுதினதெல்லாம் சேர்ந்து சேர்ந்து பெருசாச்சு. எனக்கு உசுரு அபர்தீன் பெஸ்டியரி, 1200 வாக்குல செஞ்சது, 1542ல எட்டாம் ஹென்றியோட லைப்ரரி பட்டியல்ல இருந்தது, இப்போ அபர்தீன் யுனிவர்சிட்டி எல்லா பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க.

எழுத்து 26 இல்ல, 23தான் வரையப்போறேன். அந்தப் புத்தகங்க லத்தீன்ல இருக்கு, லத்தீன்ல அப்போ ஐயும் ஜேயும் ஒண்ணு, யூவும் வியும் ஒண்ணு, டபிள்யூ கிடையவே கிடையாது.

ரூல் ஒண்ணே ஒண்ணு. எந்த மிருகத்தோட போட்டோவையும் பார்க்கறதில்ல. டெக்ஸ்ட்டைப் படிக்கணும், அது சொல்றதை வரையணும், அவ்ளோதான். அந்த ஓவியர்கள்ல முக்கால்வாசிப் பேர் யானையையோ முதலையையோ கண்ணால பார்த்திருக்கவே மாட்டாங்க, அவங்க கையில இருந்தது வார்த்தையும் வேற யாரோ வரைஞ்ச படமும் மட்டும்தான். அபர்தீன் புத்தகத்துல சில படங்களைச் சுத்தி ஊசி குத்தின ஓட்டை வரிசையா இருக்கு, கோல அச்சுல மாவு தட்டற மாதிரி அந்த ஓட்டை வழியா கரித்தூளைத் தட்டி அடுத்த புத்தகத்துக்கு உருவத்தை இறக்கறதுக்காக. ஒரு மிருகம் அப்படித்தான் ஊர் ஊரா போயிருக்கு.

ஜூன் 7

இன்னைக்கு முழுக்க இங்க். அந்தக் காலத்து கருப்பு இங்க்குக்கு வேண்டிய மூணு சாமானும் நாட்டு மருந்துக் கடையிலயே கெடைச்சிடுச்சு: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். மாசிக்காயை இடிச்சு ஊறவெச்சு வடிகட்டி அன்னபேதியைப் போட்டதும் தண்ணி கருக்க ஆரம்பிக்குது, பிசின் சேர்த்தா தொட்டு எழுதற பதம் வருது. எழுதறப்போ வெளிறிப்போய்தான் இருக்கும், காத்து பட்டு கொஞ்ச நேரத்துல கருகருன்னு ஆயிடும், அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கலாம்.

செவப்புக்கு அவங்க சாதிலிங்கம் போட்டாங்க, அது பாதரசம், மஞ்சளுக்கு அரிதாரம், அது ஆர்சனிக். ரெண்டையும் நான் தொடமாட்டேன், ட்யூப் பெயின்ட்லயே அந்த நிறத்தைக் கொண்டுவந்துக்கறேன்.

ஜூன் 12

ஈ. எலிஃபன்ட். இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

யானைக்கு முட்டியே கிடையாதுன்னு பெஸ்டியரி சொல்லுது. படுத்தா எழுந்திரிக்க முடியாது, அதனால மரத்துல சாஞ்சுக்கிட்டே தூங்கும், வேடன் வந்து மரத்தைப் பாதி அறுத்து வெச்சிட்டுப் போயிடுவான், யானை சாயும், மரத்தோட விழும். அது பிளிறினதும் ஒரு பெரிய யானை ஓடி வருது, தூக்க முடியல, அப்புறம் பன்னெண்டு யானை வருது, அதுங்களாலயும் முடியல, கடைசில ஒரு சின்ன யானை வந்து தும்பிக்கையைக் கீழ குடுத்து தூக்கி விட்டுடுது. அந்தப் புத்தகம் எழுதினவங்களுக்கு இதுல விழுந்தது ஆதாம், பெரிய யானை மோசேயோட சட்டம், பன்னெண்டும் தீர்க்கதரிசிகள், சின்னது கிறிஸ்து.

ஈ எழுத்துல மூணு கை இருக்கில்ல, மேல் கையில மரம், அடிக் கையில விழுந்த யானை, நடுவுல இருக்கற குட்டைக் கையில அந்தச் சின்ன யானை. எழுத்தே கதைக்கு எடம் விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோ சந்தோஷம். கால் நாலையும் தூண் மாதிரி நேரா வரைஞ்சேன், முட்டிய மடக்கணும்னு கை துடிக்குது, விடல.

1255ல பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி இங்கிலாந்து மூணாம் ஹென்றிக்கு ஒரு நெஜ யானையை அனுப்பினாரு. லண்டன் டவர்ல அதுக்கு 40 அடி நீளம் 20 அடி அகலத்துல வீடு கட்டச் சொன்னாங்க, 1257ல செத்துப்போச்சு பாவம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் அதைப் பார்த்து வரைஞ்சாரு, பக்கத்துல பாகனையும் நிறுத்தி, எவ்ளோ உயரம்னு தெரியறதுக்கு. அவர் படத்துல முட்டி தெளிவா இருக்கு. அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அது வேற வேலை, அவர் கண்ணால பார்த்ததுக்கு சாட்சி சொன்னாரு. நான் வரையறது காதால கேட்ட யானை.

ஜூன் 13

பி, பொனாக்கான், காளை மாதிரி ஒரு மிருகம். கொம்பு உள்பக்கமா சுருண்டுக்கிட்டதால முட்ட முடியாது, தொரத்தினா மூணு ஏக்கர் தூரத்துக்கு சாணியைப் பீச்சி அடிக்கும், பட்ட எடமெல்லாம் பத்திக்கும். வேடன் மூஞ்சிதான் முக்கியம், அதுல பயம் தெரியணும்.

ஜூன் 19

சி. காலாட்ரியஸ்னு முழு வெள்ளைப் பறவை, ராஜா வீட்டுல இருக்கும். நோயாளி கட்டில்ல வந்து உக்காரும், முகத்தை நேரா பார்த்தா அவர் பொழைச்சிடுவாரு, நோயைத் தானே இழுத்துக்கிட்டு சூரியன்கிட்ட பறந்து போய் எரிச்சிடும். முகத்தைத் திருப்பிக்கிச்சுன்னா அவ்ளோதான். ஏடுகள்ல ரெண்டு விதமாவும் வரைஞ்சிருக்காங்க. நோயாளி முகத்தைப் பார்க்கற பறவையைத்தான் நான் வரைவேன், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. வெள்ளைக்கு பெயின்டே வேணாம், பேப்பரை அப்படியே விட்டு சுத்தி நீலம் மட்டும்.

ஜூன் 27

எம்மும் டியும் (டைகருக்கு வர்ற டி) ஒண்ணா வரையறேன், காரணம் இருக்கு.

எம், மான்டிகோர். மனுஷ முகம், சிங்க உடம்பு, தேள் வால், மூணு வரிசைப் பல்லு, ரத்த நிறம், ஊரு இந்தியா. கி.மு. 5ஆம் நூற்றாண்டுல பாரசீக அரண்மனை வைத்தியரா இருந்த டீசியஸ்ங்கற (Ctesias) கிரேக்கர் கேட்டு எழுதினது. இது வேற ஒண்ணுமில்ல, புலிதான், ஜனங்க பயத்துல கூட்டிச் சொல்லியிருக்காங்கன்னு கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியஸ் 2ஆம் நூற்றாண்டுலயே எழுதிட்டாரு.

பெஸ்டியரில புலிக்குன்னு தனியாவும் எடம் இருக்கு. அங்க அதுக்கு வரி இல்ல, பல நிறத்துல புள்ளி. குட்டியைத் தூக்கிட்டு குதிரையில ஓடறவன் கண்ணாடி உருண்டையைத் தூக்கிப் போடறான், தாய்ப்புலி அதுல தெரியற தன் உருவத்தைக் குட்டின்னு நெனைச்சு அணைச்சுக்கிட்டு நின்னுடுது. ஆக நம்ம பக்கத்துக் காட்டுப் புலி ரெண்டு பேரு வெச்சுக்கிட்டு ஒரே புத்தகத்துக்குள்ள போயிருக்கு, ஒரு எடத்துல மனுஷனைத் தின்னுது, இன்னொரு எடத்துல ஏமாந்துபோன தாய். ரெண்டுக்கும் ஒரே செவப்புதான் கலக்கறேன், பார்க்கறவங்க கண்டுபிடிச்சா சந்தோஷம். புள்ளி போடறப்போ வரி வரியாதான் கை போகுது, நிறுத்தி நிறுத்தி போட வேண்டியிருக்கு.

ஜூலை 2

எக்ஸ்க்கு ரெண்டு டிராகன் குறுக்கும் நெடுக்குமா. உடம்பையே எழுத்தா வளைக்கறது பழைய வழக்கம்தான், 1460கள்ல ஜெர்மன் பக்கம் மாஸ்டர் ஈ.எஸ்.னு மட்டும் தெரிஞ்ச ஒரு செதுக்கற கலைஞர் மனுஷங்களையும் மிருகங்களையும் பின்னி ஒரு முழு எழுத்து வரிசையே செஞ்சிருக்காரு.

ஒய், யேல். கருப்பு உடம்பு, யானை வால், பன்னித் தாடை, நீளமான கொம்பு ரெண்டையும் இஷ்டத்துக்குத் திருப்பும், ஒண்ணால சண்டை போடறப்போ இன்னொண்ணைப் பின்னாடி மடக்கி பத்திரமா வெச்சுக்கும். ஒரு கொம்பு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, நடுவுல கழுத்து நேரா கீழ எறங்கினா ஒய் ஆயிடுச்சு. மத்த எழுத்துக்கெல்லாம் தங்க ரேக்கு ஒட்டறேன், இதுக்கு மட்டும் வேணாம், அந்தக் கருப்புக்குப் பக்கத்துல தங்கம் மின்னினா கண்ணு கொம்புக்குப் போகாது.